ஹிமெஜியிலிருந்து கினோசாகி வரை: கோட்டையும் வெந்நீர் ஊரும் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஒசாகா கோட்டைக்குள் நுழைந்ததும் லிஃப்ட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். அந்தக் கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது. வெளியே பழமை, உள்ளே அருங்காட்சியகம். ஜப்பானில் கோட்டை என்ற பெயரில் நிற்பவற்றில் பல இப்படித்தான். 1873இல் புதிதாக வந்திருந்த மெய்ஜி அரசு, தனக்குத் தேவையில்லாத கோட்டைகளைக் கைவிட ஆணையிட்டது. ஒன்றொன்றாக இடித்தார்கள், ஏலம் விட்டார்கள். தப்பியவற்றில் சில பிறகு போரில் எரிந்தன. எடோ காலத்திலிருந்து (1603–1868) இன்றுவரை மரத்தாலேயே நிற்கும் கோபுரங்கள் நாடு முழுவதும் 12தான். இந்தக் கோபுரத்தை ஜப்பானியர் ‘தென்ஷு’ என்பார்கள்.

அந்தப் 12இல் தலையாய ஹிமெஜியில் தொடங்கி, வடக்கே மலையைத் தாண்டி, மாருயாமா ஆறு போகும் வழியிலேயே கினோசாகி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போய்ச் சேரும் பாதை இது. முழுவதும் ஹியோகோ மாநிலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்று நாள் போதும். இன்னும் இரண்டு நாள் இருந்தால் மேற்கே இன்னொரு கோட்டை ஊரான மட்சுவே வரை போகலாம்.

கிளம்பும் முன்

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஏப்ரல் தொடக்கத்தில் ஹிமெஜியில் செர்ரி பூக்கும், கூட்டமும் பொங்கும். ஜனவரி, பிப்ரவரியில் கினோசாகியில் பனி கொட்டும். வெந்நீருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது, ஆனால் வழியிலிருக்கும் தகேதா மலைக்கோட்டை குளிர்காலத்தில் மூடியிருக்கும். என் தேர்வு நவம்பர் இரண்டாம் வாரம். இலைகள் சிவந்திருக்கும், காலையில் மலையடிவாரத்தில் மூடுபனி படியும், நவம்பர் 6ஆம் தேதி நண்டுப் பருவமும் தொடங்கியிருக்கும். சனிக்கிழமை இரவை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். எந்த மாதம் போனாலும் குடை வேண்டும். ‘சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்பது ஜப்பான் கடற்கரைப் பக்கத்து மக்களின் பழமொழி.

அடுத்தது பயணச் சீட்டு. வெளிநாட்டுப் பயணிகளுக்கு மேற்கு ஜப்பான் ரயில்வே தரும் ‘கன்சாய் வைட் ஏரியா பாஸ்’ தொடர்ந்து 5 நாள் செல்லும். ஹிமெஜி, தகேதா, கினோசாகி மூன்றும் அதில் அடங்கும். ஆனால் வாங்குவதற்கு முன் தனிச்சீட்டு விலையைக் கூட்டிப் பாருங்கள். ஒசாகாவிலிருந்து போய்த் திரும்புவதோடு சரி என்றால் லாபம் குறைவு. நடுவில் கியோட்டோ, ஒகாயாமா என்று சுற்றுகிறவர்களுக்கு நல்ல லாபம்.

மூன்றாவது, தங்குமிடம். கினோசாகியில் ‘ரியோகான்’ எனப்படும் மரபு விடுதியில்தான் தங்க வேண்டும். அதன் கணக்கு நம் ஹோட்டல் கணக்கு போல இல்லை. வாடகை அறைக்கு அல்ல, தலைக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதிலேயே சேரும். வெந்நீர் வரி என்று ஒரு சிறு தொகை தனியாக வரும். மாலை 3 மணிக்கு அறை கொடுப்பார்கள், 6 மணி வாக்கில் சாப்பாடு தொடங்கிவிடும். நான் ஒருமுறை வழியில் வேடிக்கை பார்த்துவிட்டு எட்டரைக்குப் போய் நின்றேன். அடுப்பை அணைத்துவிட்டார்கள். யாரும் கோபிக்கவில்லை, ஆனால் சோறும் இல்லை.

சைவம் சாப்பிடுபவர்கள் இதைக் கவனியுங்கள். மீன் இல்லாத தட்டைக் கொடுப்பது அவர்களுக்குச் சிரமமில்லை. ஆனால் சூப், குழம்பு, காய் வேகவைக்கும் நீர் எல்லாவற்றுக்கும் அடித்தளம் ‘தாஷி’, அதில் பெரும்பாலும் சூரை மீன் சீவல் இருக்கும். ‘மாமிசம் வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் தாஷி வந்தே தீரும். முன்பதிவு செய்யும்போதே ‘மீன் தாஷியும் கூடாது’ என்று எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் நேரடியாகச் சொல்லிவிடுவார்கள். அப்போது சாப்பாடு சேராத அறையை எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுபோன அவல், பொடி வகைகளை வைத்துச் சமாளிக்கலாம். அறையில் வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் இருக்கும்.

பெரிய பெட்டியை ஒசாகா ஹோட்டலிலேயே கூரியர் சேவையிடம் கொடுத்து, அடுத்த பெரிய ஊருக்கு அனுப்பிவிடுங்கள். ‘தக்யூபின்’ என்றால் வரவேற்பில் இருப்பவருக்குப் புரியும். ஒரு முதுகுப்பை போதும். ரொக்கமும் கையில் இருக்கட்டும், சிறிய கடைகளில் அட்டை செல்லாமல் போகலாம்.

முதல் நாள்: ஹிமெஜி

ஒசாகாவிலிருந்து புல்லட் ரயில் அல்லாத சாதாரண விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேர்த்தெரு, அதன் முனையில் கோட்டை. 20 நிமிட நடை. காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், அதற்கு முன்பே வாசலில் நிற்பது நல்லது. மாலை 4 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். 2026 மார்ச் முதல் வெளியூர்ப் பெரியவர்களுக்குக் கட்டணம் 2,500 யென். முன்பு 1,000தான் இருந்தது.

இப்போதுள்ள கோபுரத்தை 1601 முதல் 1609 வரை கட்டியவர் இகேதா தெருமாசா என்ற பிரபு. வெள்ளைச் சுண்ணச் சாந்து சுவரோடு நிற்காமல் கூரைக்கு அடியில் உள்ள மரங்களையும் மூடியிருக்கும். அழகுக்காக மட்டும் அல்ல, நெருப்பு அம்பு பட்டாலும் மரம் பற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவும்தான். அந்த வெண்மையால் இதற்கு ‘வெண்கொக்குக் கோட்டை’ என்று பெயர். 1993இல் ஜப்பானின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்ந்தது.

உள்ளே போனவுடன் எல்லோரும் கோபுரத்தை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள், இந்தக் கோட்டையின் சாமர்த்தியமே வழியில்தான் இருக்கிறது. ஹிஷி வாசலைத் தாண்டினால் கோபுரம் கைக்கெட்டும் தூரம்போலத் தெரியும். ஆனால் பாதை வளைந்து வளைந்து போகும். வாசல்களுக்கு ‘இ’, ‘ரோ’, ‘ஹா’, ‘நி’ என்று ஜப்பானியரின் பழைய எழுத்து வரிசையில் பெயர். ‘ஹா’ வாசலைத் தாண்டியதும் பாதை திரும்பி, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நடக்க வைக்கிறது. வழி தவறிவிட்டோமோ என்று எதிரி தயங்கும் அந்த நொடியில் மேலே சுவர்த் துளைகளிலிருந்து அம்பும் குண்டும் பாயும். வட்டம், முக்கோணம், சதுரம் என்று வரிசையாகத் தெரியும் துளைகள் அதற்குத்தான். உயர நீளமானவை அம்புக்கு, மற்றவை துப்பாக்கிக்கு. குனிந்து ஒரு துளை வழியாக வெளியே பாருங்கள், நீங்கள் நடந்து வந்த பாதை முழுவதும் அதில் தெரியும். இவ்வளவு ஏற்பாடு செய்தும் இந்தக் கோட்டை பெரிய போர் எதையும் கண்டதில்லை.

கோபுரத்துக்குள் செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையிலேயே எடுத்துப்போக வேண்டும். நல்ல காலுறை போட்டுப் போங்கள், நவம்பரில் மரத்தரை சில்லிடும். வெளியிலிருந்து 5 அடுக்கு, உள்ளே 6 தளமும் ஒரு நிலவறையும். படிகள் ஏணிபோலச் செங்குத்தானவை, மூட்டுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மேலே ஏறிய பலர் “உள்ளே ஒன்றுமே இல்லையே” என்பார்கள். இருக்காதுதான். பிரபு குடியிருந்தது கீழே மாளிகையில். கோபுரம் ஆயுதக் கிடங்கு, கடைசிப் புகலிடம். பார்க்க வேண்டியது நடுவில் நிற்கும் இரண்டு பெருந்தூண்களை. நிலவறையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை ஏறத்தாழ 25 மீட்டர் உயரம். கிழக்குத் தூண் பழையது. மேற்குத் தூண் உளுத்துப்போனதால் 1950களில் தொடங்கிய பெரும் பழுதுபார்ப்பில் புதிய மரம் வைத்தார்கள்.

1945 ஜூலையில் ஹிமெஜி நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது ஒரு தீக்குண்டு இந்தக் கோபுரத்தின் உச்சித் தளத்திலேயே விழுந்தது. வெடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இறங்கி வரும்போது ஓகிகுவின் கிணற்றை எட்டிப் பாருங்கள். பத்துத் தட்டில் ஒன்று குறைந்தது என்று பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்ட பணிப்பெண்ணின் ஆவி, இரவில் ஒன்பது வரை எண்ணிவிட்டு அழும் என்பது கதை. இரவு ஹிமெஜியிலேயே தங்குங்கள்.

இரண்டாம் நாள்: தகேதா

ஹிமெஜியிலிருந்து வடக்கே போகும் பாந்தான் தடத்தில் ஏறுங்கள். தெராமாயேவில் மின்பாதை முடிந்துவிடும், அங்கே டீசல் ரயிலுக்கு மாற வேண்டும். கிராமப்புறப் பயணம் உண்மையில் தொடங்குவது இங்கேதான். அடுத்த ரயிலை விட்டால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டியிருக்கும். முந்தைய இரவே கால அட்டவணையைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் ஒருவரே இருக்கும் வண்டியில் பின்வாசலில் ஏறும்போது எண் போட்ட சிறு சீட்டு ஒன்றை எடுக்க வேண்டும், இறங்கும்போது முன்னால் போய் அதையும் காசையும் பெட்டியில் போட வேண்டும். பாஸ் இருந்தால் காட்டினால் போதும்.

இக்குனோ என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊரின் அருகே நீர் பிரிமேடு வருகிறது. அதற்குத் தெற்கே இச்சி ஆறு ஹிமெஜி பக்கம் இறங்குகிறது. வடக்கே மாருயாமா ஆறு. இனி நம் வழித்துணை அதுதான்.

தகேதாவில் கட்டிடம் எதுவும் கிடையாது. 353 மீட்டர் மலையின் உச்சியில் வெறும் கற்சுவர்கள், வடக்கு தெற்காக 400 மீட்டர். கடைசிப் பிரபு 1600இல் வீழ்ந்த பிறகு கோட்டை கைவிடப்பட்டது. சாந்து இல்லாமல் அடுக்கிய கற்கள் நானூறு ஆண்டு தாண்டியும் நிற்கின்றன. முதல் நாள் ஹிமெஜியில் முழுக் கோட்டையைப் பார்த்துவிட்டு, மறுநாள் இந்த எலும்புக்கூட்டைப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது. எந்தச் சுவரின் மேல் எது நின்றிருக்கும் என்று நீங்களே கட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

‘வானக் கோட்டை’ என்று இதைப் புகழ்பெறச் செய்தது மூடுபனி. இலையுதிர் காலத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பவேறுபாடு கூடும்போது மாருயாமா ஆற்றிலிருந்து ஆவி எழுந்து பள்ளத்தாக்கை நிரப்பும், கற்சுவர்கள் மட்டும் மேகக்கடலில் தீவுபோல மிதக்கும். ஒரு விஷயம்: அந்தப் படங்களை எடுப்பது கோட்டையிலிருந்து அல்ல, எதிர்மலையான ரிட்சுன்க்யோவிலிருந்து. விடியலுக்கு முன் அங்கே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் பேருந்து இருக்காது. டாக்ஸியை முந்தைய நாளே சொல்லி வைக்க வேண்டும், அல்லது தகேதாவிலோ பக்கத்து வாதாயாமாவிலோ இரவு தங்க வேண்டும். முந்தைய நாள் வெயிலடித்து, இரவு வானம் தெளிந்து, காற்றில்லாமல் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். அப்படியும் ஏமாற்றம் வரலாம். மூடுபனிக்காகவே பயணத்தைத் திட்டமிடாதீர்கள். பனி இல்லாத பகலிலும் மேலே போவது வீண் அல்ல.

நிலையத்தின் பின்புறமிருந்து மலைப்பாதையில் ஏற 40 நிமிடத்துக்கு மேல் ஆகும், செங்குத்து. பருவ காலத்தில் சிறு பேருந்து பாதி மலைக்கு மேல் கொண்டுவிடும், அங்கிருந்து 20 நிமிடம் நடந்தால் போதும்.

இரண்டாம் நாள் மாலை: கினோசாகி

தகேதாவிலிருந்து வாதாயாமா போய், ரயில் மாறி ஒரு மணி நேரம். மதியத்திலேயே கிளம்பினால் 4 மணிக்குள் விடுதிக்குப் போய்விடலாம்.

இந்த ஊரை ஒரே விடுதியாக நினைத்துக்கொள்ளச் சொல்வார்கள் உள்ளூர்க்காரர்கள். ரயில் நிலையம் அதன் வாசல், தெருக்கள் தாழ்வாரம், ஒவ்வொரு ரியோகானும் ஓர் அறை, ஏழு பொதுக் குளியலகங்கள் அந்த வீட்டின் குளியலறை. கேட்க இனிப்பாக இருக்கிறது, ஆனால் இதற்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. 1925இல் நிலநடுக்கமும் தீயும் ஊரை அழித்தன. மீண்டும் கட்டியபோது ஒரு விடுதி தன் வளாகத்துக்குள்ளேயே தனி வெந்நீர்க் குளியல் அமைத்தது. வெந்நீர் ஊருக்குப் பொது, தனி விடுதிக்குச் சொந்தமாக முடியாது என்று ஊர் எதிர்த்தது. வழக்கு இருபதாண்டுக்கு மேல் இழுத்து 1950இல் சமாதானத்தில் முடிந்தது. விடுதிக்குள் குளியல் இருக்கலாம், ஆனால் சிறியதாகத்தான். இரவு 9 மணிக்கும் தெருவெல்லாம் மரச்செருப்புச் சத்தம் கேட்பதற்குக் காரணம் அந்தத் தீர்வு.

விடுதிக்குப் போனதும் ‘யுகாட்டா’ என்ற பருத்தி அங்கி தருவார்கள். இடது பக்கத்தை வலது பக்கத்தின் மேல் போட்டுக் கட்ட வேண்டும். மாற்றிக் கட்டினால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை, வாசலில் நிற்கும் அம்மா பதறிப்போய் சரிசெய்துவிடுவார். காலுக்கு ‘கெட்டா’ எனும் மரச்செருப்பு. ஏழு குளியலகங்களுக்கும் செல்லும் இலவசச் சீட்டும் கிடைக்கும்.

இனி குளிக்கும் முறை. நம் ஊர்க்காரர்களுக்குத் தயக்கம் வரும் இடம் இதுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உடம்பில் ஒரு நூல் இருக்கக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம். வாசல் திரையில் எழுத்தின் மேல்பாதி நான்கு கட்டம் போட்ட சதுரமாக இருந்தால் ஆண்கள் பக்கம். பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு, ஆனாலும் எழுத்தை நம்புங்கள்.

உடையைக் கூடையிலோ பெட்டியிலோ வைத்துவிட்டு, சிறு துண்டை மட்டும் எடுத்துப் போங்கள். உள்ளே சுவரோரமாகச் சிறு முக்காலிகள் இருக்கும். அதில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து நுரை முழுக்க அலசிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்க அல்ல, ஊறுவதற்கு. துண்டு தண்ணீரில் படக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்வார்கள். நீளமுடியைத் தூக்கிக் கட்டுங்கள். நீந்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. வெளியே வரும்முன் உடம்பைத் துடைத்துவிட்டு உடைமாற்றும் அறைக்குள் போங்கள், ஈரம் சொட்டுவது அங்கே பெரிய அநாகரிகம். முதல் இரண்டு நிமிடம்தான் கூச்சம். யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று புரிந்ததும் அது போய்விடும். முடியவே முடியாது என்றால் நேரம் குறித்துத் தனியாகக் கொடுக்கும் ‘குடும்பக் குளியல்’ உள்ள விடுதியைப் பிடியுங்கள். பச்சை குத்தியவர்களை ஜப்பானில் பல குளியலகங்கள் அனுமதிப்பதில்லை, கினோசாகியின் ஏழிலும் அந்தத் தடை இல்லை.

தண்ணீர் சூடானது. பத்து நிமிடம் ஊறி, வெளியே வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி போங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஏழையும் முடித்தே தீருவேன் என்று கிளம்பாதீர்கள். ஊற்று நீரை ஒரே இடத்தில் சேர்த்துத்தான் எல்லாவற்றுக்கும் அனுப்புகிறார்கள். ஏழிலும் தண்ணீர் ஒன்றே, கட்டிடம்தான் வேறு. மாலையில் இரண்டு, காலையில் ஒன்று போதும். கோஷோனோயுவில் அருவியைப் பார்த்தபடி திறந்தவெளியில் ஊறலாம். இச்சினோயுவில் பாறையைக் குடைந்த குகைத் தொட்டி. கோனோயு காயம்பட்ட நாரை ஒன்று வந்து கால் நனைத்து ஆறிய இடம் என்பது கதை. எனக்குப் பிடித்தது மண்டாராயு, ஊரின் ஒதுக்குப்புறத்தில் இருக்கிறது. 720இல் தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் பிரார்த்தித்தபோது வெந்நீர் பொங்கியது இங்கேதான் என்பார்கள். அந்த ‘மண்டாரா’ நம் ‘மண்டலம்’ என்ற சொல்லேதான், பௌத்தத்தோடு போய்ச் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒருநாள் விடுமுறை உண்டு, விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். சில காலை 7 மணிக்குத் திறக்கும், மண்டாராயுவும் யானகியுவும் பிற்பகல் 3 மணிக்குத்தான்.

மூன்றாம் நாள்: ஆற்றங்கரை

காலையில் ஒரு நிலையம் தள்ளி ஆற்றின் அக்கரையில் கென்புதோ குகை. எரிமலைக் குழம்பு குளிர்ந்து அறுகோணத் தூண்களாகப் பிளந்த பாறை, சுமார் 16 லட்சம் ஆண்டுப் பழமை. 1926இல் மட்சுயாமா மோட்டோனோரி என்ற புவி இயற்பியலாளர் இந்தப் பாறையைச் சோதித்தபோது அதன் காந்தத் திசை இன்றைய திசைக்குத் தலைகீழாக இருந்தது. ஒரு காலத்தில் பூமியின் காந்த வடக்கும் தெற்கும் இடம் மாறி இருந்தன என்ற முடிவுக்கு இங்கிருந்துதான் அவர் போனார். அந்தத் தலைகீழ்க் காலத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். வழியில் நிறுத்திப் பார்க்க அரை மணி நேரம் போதும்.

பக்கத்து ஊர் தோயோஓகா நாரைகளின் ஊர். ஜப்பானின் கடைசிக் காட்டு நாரை 1971இல் இங்கேதான் செத்தது. பின்னர் ரஷ்யாவின் கபரோவ்ஸ்கிலிருந்து குஞ்சுகள் வாங்கி வளர்த்து, 2005இல் மீண்டும் வானில் விட்டார்கள். உழவர்கள் பூச்சிமருந்தைக் குறைத்து, வயல்களில் தவளையும் மீனும் வாழ நீர் நிறுத்தியதால்தான் அவை நிலைத்தன. நெல் வயலில் அந்தப் பெரிய பறவை நிற்பதை ரயில் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம்.

மதியம் தோயோஓகாவிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம் போனால் இஸுஷி. சின்னக் கோட்டை ஊர். கோட்டையில் மிஞ்சியது கற்சுவரும் பின்னாளில் கட்டிய காவல்மாடங்களும்தான், ஊர்தான் பார்க்க வேண்டியது. 1901இல் திறந்த எய்ராக்குகான் என்ற கபுகி நாடக அரங்கில் மேடைக்கு அடியில் இறங்கி, சுழல்மேடையை ஆட்கள் தள்ளும் இடத்தைப் பார்க்கலாம். சாப்பாட்டுக்குச் ‘சாரா சோபா’, சிறு தட்டுகளில் வரும் பக்வீட் மாவு நூடுல்ஸ். 1706இல் ஷினானோ என்ற பகுதியிலிருந்து மாற்றலாகி வந்த பிரபு தன்னோடு சோபா செய்பவர்களையும் அழைத்து வந்தாராம். ஒரு பங்கு என்றால் உள்ளங்கையளவு தட்டில் ஐந்து. தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் தாஷி இருக்கும், சைவம் சாப்பிடுபவர்கள் உப்பைக் கேளுங்கள்.

இங்கிருந்து தோயோஓகா திரும்பினால் ஒசாகாவுக்கு நேர் விரைவு ரயில் இருக்கிறது. அதன் பெயரும் நாரைதான், ‘கோனோதோரி’.

இன்னும் இரண்டு நாள் இருந்தால்: மட்சுவே

கினோசாகியிலிருந்து மேற்கே கடலோரமாகத் தொத்தோரி வழியாக மட்சுவே போகலாம். காத்திருப்போடு ஐந்து மணி நேரம்வரை ஆகும், ஆனால் ஜன்னல் ஓரம் கிடைத்தால் நேரம் போவது தெரியாது. நடுவில் அமாருபேயில் 40 மீட்டருக்கு மேல் உயரமான பாலம். 1912இல் கட்டிய இரும்புப் பாலம் 2010இல் ஓய்வு பெற்றது, அதன் ஒரு துண்டைக் காட்சி மேடையாக வைத்திருக்கிறார்கள்.

மட்சுவே கோட்டை ஹிமெஜிக்கு நேர் எதிர். கருப்புப் பலகை போர்த்திய தடித்த உடம்பு. 1875இல் இதை 180 யென்னுக்கு விற்றுவிட்டார்கள், இடித்து மரத்தை எடுத்துக்கொள்ள. உள்ளூர்க்காரர் இருவர் அதே தொகையைத் திரட்டிக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். உள்ளே பெரிய மரம் கிடைக்காத குறையைச் சமாளிக்க, தூண்களைச் சுற்றிப் பலகை வைத்து இரும்புப் பட்டை கட்டியிருப்பதைப் பாருங்கள். நிலவறையில் கிணறும் உண்டு, முற்றுகை வந்தால் தண்ணீருக்கு. கட்டி முடித்த ஆண்டு 1611 என்று காட்டும் பிரார்த்தனைப் பலகைகள் 2012இல் கிடைத்தன, 2015இல் இது தேசியப் பொக்கிஷம் ஆனது. அகழியில் 50 நிமிடப் படகு சவாரி உண்டு. தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரை இறங்கும், நாமும் தலையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரவுக்குத் தமாட்சுகுரி என்ற வெந்நீர் ஊர், ரயிலில் பத்து நிமிடம். இந்தப் பகுதியின் பழைய பெயரான இஸுமோவைப் பற்றி 733இல் தொகுத்த குறிப்பிலேயே இந்த வெந்நீர் பேசப்படுகிறது. ஒருமுறை குளித்தால் அழகு கூடும், மறுபடி குளித்தால் நோயெல்லாம் தீரும் என்று அதில் இருக்கிறது.

அடுத்த மாலை டோக்கியோ போக வேண்டுமானால் விமானத்தை விட்டுவிட்டு ‘சன்ரைஸ் இஸுமோ’ இரவு ரயிலைப் பிடியுங்கள். மட்சுவேயில் ஏழரை மணிவாக்கில் ஏறினால் காலை ஏழு மணிக்கு டோக்கியோ. பயணத்துக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு முன்பதிவு தொடங்கும், பண்டிகை வாரங்களில் உடனே தீர்ந்துவிடும். தனியறைகளுக்குப் படுக்கைக் கட்டணம் தனி. ‘நோபிநோபி’ என்ற கம்பளத் தரை இடத்துக்கு அது இல்லை, காலை நீட்டிப் படுக்கலாம். தலையணை கொடுக்க மாட்டார்கள். உணவுப் பெட்டியும் ரயிலில் கிடையாது, மட்சுவே நிலையத்திலேயே சாப்பாட்டையும் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.